வியாழன் மாலை டஃப்ரின் பூங்காவில்...

டொராண்டோ நகரத்தின் டஃப்ரின் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி, தெற்கே ஐந்து நிமிடம் நடந்தால் போதும். இடது பக்கம் பெரிய பெரிய மரங்கள். வலது பக்கம் பரந்து கிடக்கும் ஒரு ஷாப்பிங் மால். வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அந்த வழியாகப் போனால், காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மால் பக்கம் திரும்பாமல் மரங்களின் பக்கம் நடக்கிறவர்களைப் பார்க்கலாம். டஃப்ரின் குரோவ் பூங்காவில் அன்றைக்குச் சந்தை!

பெயரைக் கேட்டதும் பள்ளி வரலாற்றுப் பாடம் நினைவுக்கு வருகிறதா? அதே டஃப்ரின் பிரபுதான். 1872 முதல் 1878 வரை கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்துவிட்டு, 1884-ல் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்தவர். காங்கிரஸ் கட்சி பிறந்தது அவர் காலத்தில்தான். இங்கே ஒரு நீண்ட சாலைக்கும், ரயில் நிலையத்துக்கும், பூங்காவுக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. மால் இருக்கும் இடம் 1955 வரை குதிரைப் பந்தய மைதானம்.

பூங்கா ஒன்றும் பிரமாண்டமானது இல்லை. கால்பந்து ஆட ஒரு புல்வெளி, கூடைப்பந்துத் தளம், குழந்தைகள் விளையாடும் இடம், குளிர்காலத்துக்கு ஒரு செயற்கைப் பனிச்சறுக்குத் திடல். டொராண்டோவில் இப்படி எத்தனையோ பூங்காக்கள் உண்டு. ஆனால் 1990-களின் தொடக்கத்தில் இருட்டினால் இந்தப் பக்கம் வரவே அக்கம்பக்கத்தார் யோசிப்பார்களாம். திடலை ஒட்டிய கட்டடத்தில் வேலையில்லாமல் சுற்றும் இளைஞர்கள். அவர்களைப் பார்த்துப் பயந்து ஒதுங்கும் தாய்மார்கள். இப்படிப்பட்ட இடங்களில் வழக்கமாக வேலி போடுவார்கள், விளக்கு போடுவார்கள், காவலர் ரோந்து கேட்பார்கள்.

இங்கே செய்தது வேறு. யூட்டா மேசன் என்ற பெண்மணியும் அக்கம்பக்கத்தார் சிலரும் சேர்ந்து, ‘முதலில் இங்கே சாப்பாடு கிடைக்கட்டும்’ என்று ஆரம்பித்தார்கள். சூடாக ஏதாவது கிடைத்தால் பெரியவர்கள் உட்காருவார்கள். பெரியவர்கள் உட்கார்ந்தால் பிள்ளைகள் ஓடியாடும். கூட்டம் இருந்தால் பயம் போகும். கணக்கு அவ்வளவுதான்.

1995-ல் பூங்காவுக்குள்ளேயே ஒரு விறகடுப்பைக் கட்டினார்கள். ரொட்டி சுடுகிற, குகை மாதிரியான செங்கல் அடுப்பு. 2000-ல் இன்னொன்று. நம் ஊரில் பழைய பேக்கரிகளின் பின்கட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த அடுப்பு புதிதல்ல. உள்ளேயே விறகை எரித்து, செங்கல் நன்றாகச் சூடேறியதும் தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, ஈரத்துணியால் தரையைத் துடைத்து, மாவை நேரே கல்லின்மேல் வைப்பார்கள். தணல் இருக்கும்போதே வைத்தால் பீட்சா இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். ரொட்டிக்கு அந்த அனல் ஆகாது. கொஞ்சம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பீட்சா நாட்களில் ஆளுக்கொரு உருண்டை மாவை வாங்கித் தாங்களே தட்டி, வீட்டிலிருந்து கொண்டுவந்த காய்கறியைத் தூவி வரிசையில் நிற்பார்கள். யார் யாரோ பேச ஆரம்பிப்பதும் அந்த வரிசையில்தான்.

சந்தை 2002-ல் வந்தது. ஒவ்வொரு வியாழனும் மாலை மூன்று மணி முதல் ஏழு வரை. ஆண்டு முழுவதும்! பனி கொட்டும் ஜனவரியிலும் உண்டு என்பதுதான் ஆச்சரியம். பெரும்பாலும் இயற்கை முறையில் பயிரிடும் ஒண்டாரியோ விவசாயிகள், வேனில் சரக்கேற்றி வந்து விற்கிறார்கள்.

இந்தச் சந்தைக்கு நாலு தரம், நாலு பருவத்தில் போனால்தான் அழகு தெரியும். பனி உருகும் ஏப்ரலில் புது மேப்பிள் பாகு. மரத்தில் துளையிட்டு வடித்த நீரைக் காய்ச்சிக் காய்ச்சிச் சுண்ட வைத்தது; நாற்பது லிட்டர் நீர் காய்ந்தால் ஒரு லிட்டர் பாகு. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் வேலையைப் பார்த்தவர்களுக்கு விலை ஏன் அப்படி என்று புரிந்துவிடும். ஜூனில் ஸ்ட்ராபெர்ரியும், சுருண்டு சுருண்டு கிடக்கும் பூண்டுத் தண்டும். ஆகஸ்டில் தக்காளி, சோளம். அக்டோபரில் ஆப்பிளும் பரங்கியும் மலைபோல் குவிந்திருக்கும். அப்புறம் கேரட், பீட்ரூட், உருளை, முட்டைகோஸ் என்று மண்ணுக்கடியிலும் கிடங்கிலும் தாங்குகிற காய்கள்தான். பிப்ரவரியில் ஒரு கட்டுப் பசுங்கீரை மேஜைக்கு வந்தால் கூட்டம் அங்கேதான்.

விலை? மறைப்பானேன், அதிகம்தான். சாலையைக் கடந்து மாலுக்குள் நுழைந்தால் சூப்பர் மார்க்கெட்டில் அதே கேரட் மலிவாகக் கிடைக்கும். இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் போர்ச்சுகலிலிருந்து குடியேறிய உழைப்பாளிக் குடும்பங்கள் நிறைய. இன்றைக்கு வீட்டு விலையும் வாடகையும் எங்கேயோ போய்விட்டன. எல்லோருக்குமான பூங்காவில் எல்லோராலும் வாங்க முடியாத காய்கறி விற்பது சரியா என்று கேட்டால், சந்தைக்காரர்களிடம் சுலபமான பதில் இருக்காது. ஆனால் வாங்கினால்தான் நிற்கலாம் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பராக்குப் பார்க்கக் காசு கிடையாது.

நவம்பர் கடைசிக்குமேல் போகிறவர்களுக்குக் கூடுதல் விருந்து, பனித் திடல். கான்கிரீட் தரைக்கடியில் ஓடும் குழாய்களில் கடுங்குளிரான திரவத்தைச் செலுத்தி மேலே நீரை உறைய வைக்கிறார்கள். ஒரு பக்கம் சும்மா சறுக்குகிறவர்கள். இன்னொரு பக்கம் ‘ஷின்னி’. நம் தெருக் கிரிக்கெட் எப்படியோ, அப்படித்தான் கனடாவுக்கு ஷின்னி. நடுவர் இல்லை, சீருடை இல்லை. எல்லோருடைய ஹாக்கி மட்டையையும் நடுவில் குவித்து, ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எறிவார். மட்டை விழுந்த பக்கம் உங்கள் அணி. கேப்டனுக்குப் பிடித்தவன், பிடிக்காதவன் என்ற பேச்சே இல்லை!

சின்னப் பிள்ளைகளின் கவனமோ மணல் குழியில். ஊஞ்சலும் சறுக்குமரமும் அவர்களுக்கு இரண்டாம் பட்சம். நிஜ மண்வெட்டி, மரக்கட்டைகள், திறந்துவிடக் குழாய்த் தண்ணீர். ஆறு வெட்டுகிறார்கள், அணை கட்டுகிறார்கள், பக்கத்து ஊர்க்காரன் தண்ணீரை மறித்துவிட்டான் என்று சண்டையும் போடுகிறார்கள். (நமக்குத் தெரியாத சண்டையா!)

நிஜ மண்வெட்டி, நெருப்பு, பொது இடத்தில் சமையல். மூன்றும் எந்த நகராட்சி அதிகாரிக்கும் வயிற்றைக் கலக்கும் சங்கதிகள். அதிலும் 1998-ல் ஆறு நகராட்சிகளை இணைத்து ஒரே டொராண்டோவாக்கிய பிறகு, எல்லாப் பூங்காவுக்கும் ஒரே விதி என்ற பேச்சு வந்தது. இந்தப் பூங்காவைப் பொறுத்தவரை அக்கம்பக்கத்தாருக்கும் நகராட்சிக்கும் இழுபறி ஓய்ந்ததே இல்லை. அடுப்பு மூட்ட யார் அனுமதி, ரொட்டி விற்ற காசு எந்தக் கணக்கில் என்று ஒவ்வொன்றும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

2021-ல் வந்த சோதனை பெரியது. கொரோனா காலத்தில் வீடில்லாதவர்கள் டொராண்டோவின் பல பூங்காக்களில் கூடாரம் போட்டார்கள், இங்கேயும்தான். அந்தக் கோடையில் மற்றச் சில பூங்காக்களில் போலீஸ் படையைக் கொண்டு கூடாரங்களை அகற்றியபோது கைகலப்பும் கைதுமாக ஆனது. டஃப்ரின் குரோவில் மட்டும் நகராட்சி வேறு வழியைப் பிடித்தது. ஊழியர்கள் நாள்தோறும் வந்து, ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசி, தங்குமிடம் ஏற்பாடு செய்தார்கள். மாதக்கணக்கில் நேரம் பிடித்தது. தடியடி நடக்கவில்லை.

கனடாவுக்கு மகன், மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு வியாழனை இதற்கு ஒதுக்கலாம். தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்கார்பரோவிலிருந்து என்றால் கென்னடி நிலையத்தில் ஏறி, வண்டி மாறாமல் டஃப்ரினில் இறங்கலாம். துணிப்பையும் கொஞ்சம் சில்லறையும் இருக்கட்டும். குளிர்காலம் என்றால் கையுறை கட்டாயம். மூன்றரைக்குள் போய்விடுவது நல்லது; இருக்கிற கொஞ்சம் கீரை முதலில் வருகிறவர்களுக்குத்தான்.

ஏழு மணிக்கு மேஜைகளை மடக்குகிறார்கள். மிச்சமான பரங்கிக்காய்கள் திரும்ப வேனில் ஏறுகின்றன. மணல் குழியில் ஒரு சிறுவன் மட்டும் இன்னும் அணையை விட்டு வரவில்லை. அம்மா இரண்டு முறை கூப்பிட்டாயிற்று. மூன்றாவது குரலுக்கு எழுந்தவன், மண்வெட்டியால் அணையின் நடுவில் ஒரு வெட்டு வெட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு ஓடுகிறான்.