ட்ரோன் வந்தாச்சு, மெக்கானிக் எங்கே?

எங்க டெல்டா பக்கம் சம்பாவுக்கு மருந்தடிக்க ட்ரோன் இப்போது சகஜம். 10 லிட்டர் டேங்க், ஏக்கருக்கு 10 நிமிடம் போதும். கைத்தெளிப்பான் என்றால் அதே ஏக்கருக்குப் பத்துத் தடவைக்கு மேல் முதுகில் சுமக்கணும். மருந்து நெடி வேறு.

ஆனால் வரப்பில் நின்று பாருங்கள், பறப்பதைவிட பேட்டரி மாற்றுகிற வேலைதான் பெரிசு. முழு டேங்கோடு ஒரு பேட்டரி 10 நிமிடம் தாங்கினாலே அதிகம். அதனால் நாலைந்து செட் பேட்டரி, சார்ஜ் போட ஜெனரேட்டர், எல்லாம் லோடு ஆட்டோவில் வரும். காற்று கொஞ்சம் தூக்கினால் மருந்து பக்கத்து வயலுக்குப் போய்விடும். அப்புறம் பங்காளிச் சண்டைதான்!

ஓட்டுவதற்குப் பயிற்சி இருக்கிறது. 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இருந்தால் ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கலாம். மகளிர் குழுக்களுக்கு 80 சதவீத மானியத்தில் ட்ரோன் தரும் மத்திய அரசுத் திட்டமும் 2023-இல் வந்தது. நல்ல விஷயம்தான்.

பழுது பார்க்கத்தான் ஆள் இல்லை. நாசில் அடைத்தால் நாமே கழுவிக்கொள்ளலாம். மோட்டாரோ போர்டோ போனால் வெளியூர் அனுப்பணும். திரும்பி வரும்வரை புகையான் பூச்சி காத்திருக்குமா? பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பையன்கள் ஊருக்கு ரெண்டு பேராவது இருக்கிறார்கள். பக்கத்து ஐடிஐயில் அவர்களுக்கு இதையும் சொல்லிக்கொடுங்களேன்.