வெட்டு விழுந்த இடங்கள்

கரவெட்டியில் பல வீடுகளின் அலுமாரிகளுக்குள் இன்னும் வீஎச்எஸ் கசெற்றுகள் கிடக்கின்றன. கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் தேர். பூஞ்சணம் முழுதாய்ப் பிடிக்க முன்னம் கணினிக்கு ஏற்றிவிட வேண்டும். ஏற்றிய பிறகுதான் பெரிய வேலை. செக்கனுக்கு 25 படம் வீதம் மூன்று மணிநேரக் கசெற்றில் 270,000 படங்கள். காட்சி மாறும் இடங்களைக் கண்ணால் தேடி முடியாது.

*

அந்த வேலைக்கான மென்பொருள் அடுத்தடுத்த இரண்டு படங்களை எடுத்து நிறம், நிறச்செறிவு, வெளிச்சம் மூன்றிலும் வித்தியாசம் பார்த்துச் சராசரி எடுக்கிறது. அது குறித்த ஓர் எல்லையைத் தாண்டினால் வெட்டு, அதாவது காட்சி மாறும் இடம். பைசீன்டிடெக்ற் என்ற இலவச மென்பொருளில் வழமையான எல்லை 27. அடொபி பிரீமியரிலும் 2020இலிருந்து இந்த வசதி உண்டு. டாவின்சி ரிசோல்வ் வித்தியாசங்களை வரைபடமாகவே காட்டும், எல்லைக்கோட்டை ஏற்றி இறக்கலாம். எனக்கு அதுதான் பிடிக்கும். எதை விட்டோம் என்பது கண்முன்னே தெரியும்.

*

தாலி கட்டும் நேரம் போட்டோக்காரரின் பிளாஷ் ஒவ்வொன்றுக்கும் படம் வெளிறிப் போகும். மென்பொருள் அதை வெட்டு என்று எழுதும். வெளிறலுக்கு முந்தின படத்தையும் பிந்தின படத்தையும் ஒப்பிட்டால் அதே மணவறை, அதே ஐயர். ஆகக் குறைந்த காட்சி நீளத்தைக் கூட்டிவிட்டால் பெரும்பாலானவை அடங்கும்.

*

எதிர்ப்பக்கச் சிக்கல்: வீடியோ மிக்ஸரில் பூ விரிந்தும் இதயம் சுருங்கியும் ஒரு காட்சி மற்றதாகும் இடங்கள். அடுத்தடுத்த படங்களுக்குள் வித்தியாசம் சிறிது, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். 1993இல் சிங்கப்பூரில் ஷாங், கங்கன்ஹள்ளி, ஸ்மோலியர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதற்கு இரண்டு எல்லைகள் வைத்தார்கள். சின்ன எல்லையைத் தாண்டியதும் சந்தேகம் தொடங்கும். அதிலிருந்து வித்தியாசங்களைக் கூட்டிக்கொண்டு போய், பெரிய எல்லையைத் தொட்டால் காட்சிமாற்றம். அழகான யோசனை.

*

கனடாவிலிருந்து வந்த கசெற்றுகள் என்ரிஎஸ்சி முறை, செக்கனுக்கு ஏறத்தாழ 30 படம். அதை 25க்கு மாற்றி இங்கே கொப்பி அடித்திருந்தால், வெட்டு விழும் இடத்தில் இரண்டு காட்சிகளும் ஒரே படத்தில் கலந்து கிடக்கலாம். எல்லையைச் சற்று இறக்க வேண்டும்.

*

தொண்ணூறுகளின் முற்பகுதி. போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். அந்தக் காலத்துக் கசெற்றுகளை ஓட்டினால் வெட்டுகள் நெருக்கமாய் விழுகின்றன. வீடியோக்காரர் கமராவிலேயே நிறுத்தி நிறுத்தி எடுத்திருக்கிறார். நிறுத்திய இடத்தில் படம் ஒருகணம் குலுங்கும், மென்பொருள் தவறாமல் பிடிக்கும். அவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்பதை அந்தப் பட்டியலிலேயே வாசிக்கலாம். ஆராத்தி கொஞ்சம், தாலிகட்டு முழுவதும், பந்தி இல்லை.

*

அறுகரிசி போடும் காட்சி. கமரா அசையவில்லை, சனம் வரிசையில் வந்து போகிறது. மென்பொருளுக்கு அது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே காட்சி. பக்கத்தில் இருந்த பெரியம்மா, “இதிலை நிப்பாட்டு மோனை,” என்றா. “இவ்வளவும் பொம்பிளை பகுதி. இனித்தான் மாப்பிளையின்ரை ஆக்கள்.” பிறகும் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னா. அதிலிருந்து வருபவர்கள் சண்டையால் இடம்பெயர்ந்து வந்து, அப்போது அவவின் வளவில் இருந்தவர்களாம். படத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இந்த வெட்டுகளை எந்த எல்லையை வைத்தும் எடுக்க முடியாது. அந்த முகங்களைத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். ஆகவே கணினியின் பட்டியல் ஆயத்தமானதும் முதலில் செய்ய வேண்டியது, வயதான ஒருவரைப் பக்கத்தில் இருத்திப் படத்தை ஓட்டுவது.

*

மூலக் கோப்பைத் துண்டாக்கக் கூடாது. வெட்டு நேரங்களைத் தனிப் பட்டியலாக வைத்தால் போதும். கணினி சொன்னது ஒரு நிரலில், பெரியம்மா சொன்னது அடுத்ததில், பெயர்கள் மூன்றாவதில். அறுகரிசிப் பகுதிக்கு இரண்டாம் நிரல் முடிந்தது. பெயர்களில் மாப்பிளை பகுதி இன்னும் வெறுமை. ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவுக்கு அந்தத் துண்டை மட்டும் பிரதியெடுத்து அனுப்ப வேண்டும்.