கீழ்ப்பாக்கம் மைதானத்தில் ஓர் ஆம்பூர்க்காரன்

மார்கழியில் பறை அடிப்பவர்களுக்கு முதல் வேலை தீ மூட்டுவது. பனி இறங்கினால் தோல் ஈரத்தை வாங்கித் தொய்ந்துவிடும். அடித்தால் ஓசை எழாமல் தொம்மென்று அமுங்கும். வைக்கோலையோ பழைய காகிதத்தையோ கொளுத்தி, சுற்றி நின்று, பறையை அனலில் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார்கள். நடுநடுவே விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்று பதில் வந்ததும் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கத்துத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. அந்தத் தோல் எங்கிருந்து வந்தது, யார் கையால் உரிக்கப்பட்டது, யார் அதைத் தொடமாட்டார்கள் என்பதும் தெரிந்த கதைதான்.

2018 ஜனவரி 6 சனிக்கிழமையும் மார்கழிதான். அன்று மாலை சென்னை கீழ்ப்பாக்கத்தில் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் வாசிக்கிற ராக் இசைக்காரர்கள், பறையும் சட்டியும் அடிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே மேடையில். நானும் என் பள்ளித் தோழனும் போயிருந்தோம்.

அவன் ஆம்பூர்க்காரன். ஷூ கம்பெனிக்குள் வரும் தோலைத் தரம் பிரிக்கிறவன். வெளிச்சத்துக்குக் கீழே மேஜையில் தோலை விரித்துப்போட்டு உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவான். கழுத்துப் பக்கத்துச் சுருக்கம், உண்ணி கடித்த புள்ளி, முள்கம்பி கீறிய கோடு, சூட்டுக்கோல் தழும்பு, வயிற்றுப் பக்கத்துத் தளர்ச்சி எல்லாம் கண்ணுக்குத் தெரியும் முன்பே அவன் கைக்குத் தெரிந்துவிடும். குறை இருக்கிற இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் தள்ளுவான். கட்டிங்கில் இருப்பவர்கள் அந்த வட்டத்தை விலக்கி வெட்டுவார்கள். ஒரு மாடு எங்கே படுத்தது, எந்த வேலியை உரசியது, எத்தனை கோடை பார்த்தது என்பதை அந்தக் கை வாசிக்கும். பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். படிப்பறிவு என்று நாம் சொல்லிக்கொள்வதில் இதையும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான்.

ராக் இசையை எனக்குக் கொடுத்தது கேசட்டுகள். வேலூரில் என்னைப்போல நாலைந்து பேர் இருந்தோம், கைமாற்றிக் கைமாற்றிக் கேட்போம். 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் பெங்களூரு அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது காட்பாடியில் ரயிலேறிப் போனேன். திரும்பி வந்து அங்கே எடுத்த படங்களை இவனிடம் காட்டினேன். கூட்டத்தில் ஒருவன் போட்டிருந்த கறுப்பு ஜாக்கெட்டைத்தான் அவன் உற்றுப் பார்த்தான். “ஷீப் நப்பா மச்சான். தையலைப் பாரு, நம்ம பக்கத்து வேலை மாதிரியே இருக்குது” என்றான்.

அதுவரை எனக்கு அப்படி யோசிக்கத் தோன்றியதில்லை. 1953ல் ‘தி வைல்ட் ஒன்’ படத்தில் மார்லன் பிராண்டோ தோல் ஜாக்கெட் போட்டு வந்ததிலிருந்து, அடங்க மறுக்கும் இளைஞனுக்கு அதுவே சீருடையாகிவிட்டது. பிறகு ராக் அதை எடுத்துக்கொண்டது. ஜாக்கெட், பூட்ஸ், இடுப்பில் பெல்ட், கிட்டாரைத் தோளில் தொங்கவிடும் வார் என்று மேடையில் எங்கே பார்த்தாலும் தோல். பாலாற்றங்கரையில் ஊறவைத்து, சுண்ணாம்பிலிட்டு, முடி கழித்து, குரோமியத்தில் பதனிட்டு, தைத்து, பெட்டியில் போட்டு ஐரோப்பாவுக்கு அனுப்புகிற ஊர்கள் எங்களுடையவை. குரோமியம் வருமுன் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றிவரும். அவர்கள் தைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு யார் எந்தப் பாட்டுக்கு ஆடினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் ராக் கச்சேரி நடக்காமல் இல்லை. அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு மதிலுக்கு வெளியே கேட்கிற அளவுதான் அது.

அதனால்தான் கீழ்ப்பாக்கம் நிகழ்ச்சி பற்றித் தெரிந்ததும் இவனை விடாமல் அழைத்தேன். அவனுக்குச் சனிக்கிழமை வேலை நாள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுத்தான் வரவேண்டும். போதாததற்கு அந்த வாரம் அரசுப் போக்குவரத்து ஊழியர்களின் வேலைநிறுத்தம், தமிழ்நாடு முழுக்கப் பெரும்பாலான பஸ்கள் ஓடவில்லை. ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஆம்பூரில் அவன் ஏறினான், காட்பாடியில் நான் ஏறினேன். நிற்க இடமில்லை. தெற்கே முதன்முதலில் 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை பயணிகள் ரயில் ஓடியது இதே தடத்தில்தான். தோலும் தோல் வேலை செய்கிறவர்களும் அன்றிலிருந்து இதில்தான் போய்வருகிறார்கள்.

ரயிலில் அவன் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். பறையைத் தொடாதே என்று பிள்ளைகளை வளர்த்தவர் அவர். ஊரில் சாவு விழுந்தால் கூப்பிட்ட குரலுக்குப் போய் நிற்க வேண்டும், மறுக்க முடியாது, வாசலுக்கு உள்ளே போக முடியாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். இதைத் தாத்தாவோடு நிறுத்திவிட வேண்டும் என்று சிலர் கூடி முடிவெடுத்து உதறினார்கள். வட ஆற்காட்டில் அம்பேத்கர் இயக்கம் வேரூன்றிய பல சேரிகளில் இந்த முடிவு எடுக்கப்பட்டது. பறையை விடுவது அன்றைக்கு விடுதலை. பின்னால் இன்னொரு தலைமுறை அதையே கையிலெடுத்து, இது எங்கள் கலை என்று தலைநிமிர்ந்து அடித்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறை அடிக்கிறார்கள். இரண்டு நிலைப்பாட்டுக்கும் நியாயம் இருக்கிறது. இவன் இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தவன். “காதுல விழுந்தா கால் தானா ஆடும். அப்பா முகம் ஞாபகம் வந்தா நின்னுடும்” என்றான்.

மைதானம் நிரம்பியிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள், வடசென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கிய அப்பாக்கள். ராக் கச்சேரிக்குப் பாட்டிகள் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். குழுவினர் கோட்டு சூட்டு போட்டு வந்தார்கள். அது அம்பேத்கரின் உடை என்று அந்த மைதானத்தில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குழுவின் பெயருக்குப் பின்னால் அயோத்திதாசர் இருக்கிறார். சாதிபேதமற்ற தமிழர் என்று தம் மக்களை அழைத்தவர். 1907ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர். அவருடைய பௌத்த சங்கத்துக்குக் கோலார் தங்கவயலிலும் திருப்பத்தூரிலும் கிளைகள் இருந்தன. எங்கள் ரயில் பாதையை ஒட்டிய ஊர்கள். நூறு வருஷத்துக்கு முன் அவ்வழியாகப் பத்திரிகையாக வந்த சொல் அன்று ஆம்ப்ளிஃபயர் வழியாக வந்தது.

முதல் பாட்டுக்குக் கிட்டாரும் பறையும் சேர்ந்து எழும்பியபோது இவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டும் ஒன்றையொன்று அமுக்கவில்லை. கிட்டார் இழுத்துப் பிடித்த சுருதிக்குக் கீழே பறையின் அடிக்குச்சி விழுந்தது. மேலே நீளமான மெல்லிய குச்சி பொறிந்தது. டிரம்ஸ் இரண்டுக்கும் நடுவில் இடம் பார்த்து நின்றது. சாவு வீட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட அடி அது. அதே அடிக்கு ஆயிரக்கணக்கான பேர் ஆடினார்கள். இடஒதுக்கீட்டைப் பற்றி, வடசென்னை வாழ்க்கையைப் பற்றி, அம்பேத்கரைப் பற்றி ஒவ்வொன்றாகப் பாட்டுகள். குழுவில் ஒரே பெண்ணாக இசைவாணி நின்று கானா பாடினார். ஆண்கள் குரலாகவே அறியப்பட்ட ஒரு வகையை அத்தனை தெம்பாக அவர் பாடியதை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். ராப் பாடிய அறிவு எங்கள் பக்கத்துப் பிள்ளை, அரக்கோணம். அப்போது அதுவும் வேலூர் மாவட்டம்தான். 2019ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது அரக்கோணம் ராணிப்பேட்டைக்கும் ஆம்பூர் திருப்பத்தூருக்கும் போயின.

இடைவேளையில் அவன் பார்வை மேடையிலிருந்த டிரம்ஸ் மேலேயே இருந்தது. “அது தோல் இல்ல மச்சான், பிளாஸ்டிக்” என்றான். உண்மைதான். 1950களின் நடுப்பகுதி வரை டிரம்ஸுக்கும் கன்றுத்தோல்தான். ராக் அண்ட் ரோல் பிறந்ததே தோலில்தான். அங்கேயும் மழை, பனி என்றால் தோல் தொய்ந்துவிடும், இசைக்காரர்கள் அல்லாடுவார்கள். 1957ல் ரெமோ பெல்லி கலிஃபோர்னியாவில் மைலார் என்ற பிளாஸ்டிக் படலத்தில் டிரம்ஸுக்கு முகம் செய்து விற்கத் தொடங்கினார். வெகுசீக்கிரத்தில் உலகம் முழுக்க மாறிவிட்டது. நான் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “பிளாஸ்டிக் எப்பவும் ஒரே மாதிரி பேசும். தோல் நேரத்துக்கு ஒரு மாதிரி பேசும். பனி வந்தா சொல்லும், வெயில் வந்தா சொல்லும். அத வெச்சு வாசிக்கிறவன்தான் கஷ்டப்படணும்.” இருபது வருஷம் தோலைத் தொட்டுப் பிழைத்தவன் பேச்சு. டிரம்ஸின் தரம் பற்றி நான் படித்த எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

ராக் கச்சேரிகளில் ஒரு வழக்கம் உண்டு. வாசிப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவார்கள். அவர் தனியாகக் கொஞ்சம் வாசித்துக் காட்ட, கூட்டம் கைதட்டும். எனக்கு அது பழகிப்போன சடங்கு. பறை அடித்தவரின் பெயர் மைக்கில் ஒலித்தபோதுதான் அந்தச் சடங்கின் மதிப்பு எனக்கு உறைத்தது. சாவு வீட்டில் மேளக்காரனுக்குப் பெயர் கிடையாது. “டேய்” என்பதே அழைப்பு. இவன் கைதட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். அவன் அப்பா உதறியது பறையை அல்ல, அந்த “டேய்”யை என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. கூப்பிடுகிறவன் யார், எப்படிக் கூப்பிடுகிறான், வர மறுக்க முடியுமா, வந்தால் நிற்கும் இடம் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதே தோல், அதே குச்சி.

திரும்பும்போது இரவு ரயிலில் நெடுநேரம் பேசாமல் வந்தான். அரக்கோணம் தாண்டியபின் கேட்டான்: “ராணிப்பேட்டை ஆளுங்களுக்கு யாரு பாட்டு கட்டுவாங்க?”

2015 ஜனவரி 31 விடிவதற்கு முன், ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதற்கு முன்பே, தோல் ஆலைகளால் பாலாறு கெட்டதைப் பற்றி வழக்கு நடந்து 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் உறுதியாக்கிய தீர்ப்பு அது. சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு வேலூர் என்றால் அந்த வழக்கு. அந்தப் பத்துப் பேரை இன்று எங்கள் ஊரிலேயே எத்தனை பேர் நினைக்கிறார்கள்? கானா சாவு வீட்டு முற்றத்தில் வளர்ந்த பாட்டு. இறந்தவரின் பெயரையும் குணத்தையும் சொல்லி இரவு முழுக்கப் பாடுவார்கள். பறையும் அங்கேதான் நின்றது. துக்கத்தைத் தூக்கிச் சுமக்கத் தெரிந்த இந்த இரண்டும் ராக்கோடு சேர்ந்த பிறகு, வங்காளத்து ஆளுக்கு ஆம்பூர்க்காரன் ஒரு பாட்டுக் கேட்பதில் என்ன தவறு? இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. ஆனால் நல்ல கச்சேரி என்பது கேட்டவனை இப்படிக் கேட்கவைப்பது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

2020 டிசம்பரில் நீலம் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. சபாக்களின் மாதத்தில் கானாவும் பறையும் ஒப்பாரியும் மேடை ஏறின. அதே வருஷம் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இசைவாணி பெயர் வந்தது. இவன் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பி, கீழே ஒரே வரி எழுதியிருந்தான்: “நம்ம ஊருக்கு எப்போ?”

அதைத்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். பெரிய குழுக்களை அழைக்கிற வசதி எங்களுக்கு இல்லை, தேவையும் இல்லை. குடியாத்தத்தில் கிட்டார் வாசிக்கிற பையன்கள் இருக்கிறார்கள். பேரணாம்பட்டில் ஒரு பறைக்குழு இருக்கிறது; பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து பயிற்சி எடுக்கிறார்கள். ஆம்பூரில் தஃப் அடித்துப் பாடுகிற இஸ்லாமிய இளைஞர்களையும் அழைக்க வேண்டும் என்பது என் ஆசை. தோல் இந்த ஊரில் இரண்டு சமூகத்துக்கும் சோறு போடுகிறது. ஒரு ஸ்பீக்கர் செட், ஒரு ஜெனரேட்டர், போலீஸ் அனுமதி போதும். ஆலையில் தைக்கிற பெண்கள் வரவேண்டும், இதில் அவன் பிடிவாதமாக இருக்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் வைக்கலாம் என்றேன்.

“சனிக்கிழமை வேணாம் மச்சான், ஓவர்டைம் இருக்கும். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ஆரம்பிச்சு எட்டு மணிக்கு முடிச்சிடணும். மறுநாள் அஞ்சரைக்குக் கம்பெனி பஸ் வந்துடும். அதுக்கு முன்னாடி அவங்க எழுந்து சமைக்கணும்.”

ஞாயிறு என்று குறித்துக்கொண்டேன்.