புள்ளிக்குக் கீழே உள்ள இரும்பு

பிஸ்டலுக்கு ரெட் டொட் என்ற செம்புள்ளிக் குறிக்கண்ணாடி பூட்டப் போகிறேன், எதை வாங்கலாம் என்று எங்கள் துவக்குச் சங்கத்துக்குப் புதிதாக வரும் தம்பிமார் கேட்டால், அந்தப் பிஸ்டல் எங்கே சீவிக்கப் போகிறது என்றுதான் திருப்பிக் கேட்பேன். அவர்கள் பார்த்துவிட்டு வரும் காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே பிஸ்டல் நாள் முழுக்கச் சட்டைக்குள் இடுப்போடு கிடக்கிறது. வியர்வை, மழை, துணிப் பஞ்சு எல்லாம் கண்ணாடிக்குள் போகும். அதனால் சின்னதாக, நாலு பக்கமும் மூடியதாக வாங்கச் சொல்கிறார்கள். அவர்களுக்கு அது சரி.

நாங்கள் இருக்கும் ஹனோவரில் இடுப்பில் செருகிக்கொண்டு திரிய லேசில் அனுமதி கிடைக்காது. அதற்கான வாஃபன்ஷைன் என்ற அனுமதிப் பத்திரம், மற்றவர்களைவிடத் தன் உயிருக்கு மிகக் கூடுதலான ஆபத்து உண்டென்று காட்டக்கூடியவருக்கும், காசு வண்டிக் காவலர் போன்றவர்களுக்கும்தான். விளையாட்டுக்குச் சுடுபவருக்குக் கிடைப்பது உடைமைப் பத்திரம். அதுவும் ஒரு வருடமாவது சங்கத்தில் ஒழுங்காகப் பழகி, பரீட்சையில் தேறிய பிறகு. வீட்டில் இரும்புப் பெட்டகம், வழியில் தோட்டா இல்லாத துவக்கு, அது கிடப்பது பூட்டிய பெட்டிக்குள். 1529இல் டியூக் முதலாம் எரிக் கொடுத்த உரிமையை வைத்து இன்றும் கோடையில் ஷுற்சன்ஃபெஸ்ட் என்ற சுடுவோர் திருவிழா கொண்டாடும் நகரம் இது. துவக்குச் சங்கத்தில் சேருவது இங்கே யாருக்கும் புதினமில்லை. எங்கள் ஆட்களுக்குத்தான் புதினம். யாழ்ப்பாணத்திலிருந்து துவக்குக்குத் தப்பி வந்தவன் காசு கொடுத்துத் துவக்குப் பழகுகிறான் என்று கோயிலில் கதைப்பார்கள். அது வேறு கதை.

ஆக எங்கள் பிஸ்டலுக்குப் பெட்டகம், பெட்டி, காரின் டிக்கி, சூட்டு மண்டபம், இவ்வளவுதான் உலகம். மழையும் பஞ்சும் அங்கே இல்லை. எரியாத வெடிமருந்துத் துகளும் கரியும் உண்டு. திறந்த வகையில் எல்.ஈ.டி. இருக்கும் குழியில் கரி படிந்தால் புள்ளி சிதறும், அதனால் மூடியதற்கு இங்கேயும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் சின்னதாக வாங்க ஒரு காரணமும் இல்லை. மறைக்கவா போகிறோம்? அகலக் கண்ணாடி வாங்கினால் பழகுபவருக்குப் புள்ளி சீக்கிரம் அகப்படும்.

"அண்ணை, லேசர் பூட்டினால் பொலிஸ் பிடிக்காதோ?" என்று ஒருவன் கேட்டான். பிடிக்கும். இலக்கில் ஒளிப்புள்ளி போடும் லேசரைத் துவக்கில் பூட்ட ஜேர்மன் ஆயுதச் சட்டம் விடாது. ரெட் டொட் வேறு சாதி. எல்.ஈ.டி.யின் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டு, சிவப்பைத் திருப்பும் பூச்சினால் சமாந்தரக் கதிராகச் சுடுபவரின் கண்ணுக்கே வருகிறது. இலக்கில் எதுவும் விழுவதில்லை. அயர்லாந்துக்காரர் ஹோவர்ட் க்ரப் 1900இல் காப்புரிமை எடுத்த யோசனை இது. மின்கலத்தோடு அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது சுவீடனின் எய்ம்பொயின்ற், 1975இல்.

புள்ளியின் பருமனை இலக்குத்தான் தீர்மானிக்கும். ஒரு எம்.ஓ.ஏ. என்ற கோண அளவு 25 மீற்றரில் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர். 25 மீற்றர் துல்லிய இலக்கில் பத்தாம் வளையம் 50 மில்லிமீற்றர் விட்டம். 6 எம்.ஓ.ஏ. புள்ளி 44ஐ மூடிவிடும், 3 எம்.ஓ.ஏ. 22ஐத்தான் மூடும். அட்டை இலக்கில் மதிப்பெண்ணுக்குச் சுடுபவருக்கு நான் மூன்றைத்தான் சொல்வேன். ஐ.பி.எஸ்.சி. போல் ஓடிச் சுடுபவருக்குப் பெரியது உதவும். ஒலிம்பிக் வகைப் பிஸ்டல் போட்டியில் ரெட் டொட்டே செல்லாது என்பதையும் வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டும்.

கண்ணையும் கேட்க வேண்டும். இரும்புக் குறியில் பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றும் மூன்று தூரத்தில் நிற்கின்றன. ஐம்பது தாண்டிய கண்ணுக்கு முன்குறி கலங்கும். புள்ளி வந்த பிறகு இலக்கைப் பார்த்தால் போதும். சிலருக்குப் புள்ளி வால் முளைத்து, காற்புள்ளி போலத் தெரியும். பழுதான சாமான் என்று கடைக்குத் திருப்பி அனுப்புவார்கள். கண்ணாடிக்குள்ளால் கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் பழுது கண்ணில், அஸ்ரிக்மற்றிசம். வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்கலாம், கண் மருத்துவரிடமும் போகலாம்.

என் கவலை எல்லாம் கண்ணாடிக்குக் கீழே. ஒவ்வொரு சுடுதலிலும் பிஸ்டலின் மேற்பாகமான ஸ்லைடு பின்னே போய்ச் சட்டகத்தில் மோதி, திரும்பி முன்னே வந்து மோதுகிறது. அதன் முதுகில் ஏறியிருக்கும் பொருளைப் பெரும்பாலும் இரண்டோ நாலோ மெல்லிய திருகாணிகள்தான் பிடித்திருக்கின்றன. ட்ரிஜிகொன் ஆர்.எம்.ஆர்., ஷீல்ட், டொக்ரர், எய்ம்பொயின்ற் அக்ரோ என்று ஒவ்வொன்றின் அடித்தளமும் ஒவ்வொரு வடிவம். 2015இல் கிளொக் கொண்டுவந்த எம்.ஓ.எஸ். போன்ற ஏற்பாட்டில் இடையே ஒரு தகடு வரும். தகடு வசதிதான். ஆனால் பிடிமானம் ஒன்று இருந்த இடத்தில் இரண்டாகிறது, தளரக்கூடிய இடமும் இரண்டாகிறது. ஒரே அடித்தளத்துக்கென்று ஸ்லைடைக் குடைந்து நேராகப் பூட்டுவதே என் விருப்பம். ஸ்லைடு சட்டப்படி துவக்கின் முக்கிய பாகம் என்பதால், அந்த வேலை அனுமதி பெற்ற பியூக்ஸன்மாகர் என்ற துவக்குக் கம்மியரின் பட்டறைக்குத்தான் போகும். காசும் பொறுமையும் வேண்டும்.

தகடுதான் என்றால் திருகாணியின் நீளத்தை முதலில் அளந்து பாருங்கள். கிளொக்கில் நீளம் கூடிய திருகாணி, வெற்றுத் தோட்டாவை இழுக்கும் கொக்கியின் தண்டில் போய் முட்டும். பிஸ்டல் சுடும், ஆனால் கோது வெளியே வராது. துளையையும் திருகாணியையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நடுத்தரப் பிடிப்புள்ள நீலப் பசை ஒரு துளி விட்டு, முறுக்குமானியால் இறுக்குவேன். ஒன்றரை நியூட்டன் மீற்றருக்கு அக்கம்பக்கம் வரும், சரியான எண் கையேட்டில் இருக்கும். கைப்பலத்தை நம்பி இறுக்குபவர் புரி அறுப்பார். பிறகு திருகாணித் தலைக்கும் கண்ணாடியின் சட்டகத்துக்கும் சேர்த்து வெள்ளை மையால் ஒரு கோடு. கோடு விலகினால் திருகாணி தளர்ந்தது என்று அர்த்தம்.

மண்டபத்தில் 25 மீற்றரில் கையை மணல்பையில் ஊன்றிச் சரிபார்த்த பிஸ்டல், 5 மீற்றரில் ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் தாழச் சுடும். குழலுக்கு மேலே கண்ணாடி உயர்ந்து நிற்பதால் வரும் கணக்கு அது, பழுதில்லை. தம்பிமார் அதைக் கண்டதும் சிறு திருப்புளியோடு ஓடி வருவார்கள். அதை வாங்கி என் பையில் போட்டுவிட்டு, முதலில் வெள்ளைக் கோட்டைப் பார்க்கச் சொல்வேன்.