வலந்தலைக்கு முன்னால் ஒரு இரைச்சல்

ஜூன் 3, செவ்வாய்

டிஜிட்டலாக்கித் தரச் சொன்ன தவில்காரப் பெரியவரின் கேசட்டுகள் வந்துவிட்டன. எண்பதுகளின் கோயில் திருவிழாக் கச்சேரிகள். யாரோ மேடையோரம் டேப் ரிக்கார்டரை வைத்துப் பிடித்திருக்கிறார்கள். அவர் பேரன் வந்ததும் வராததுமாக, "96 கிலோஹெர்ட்ஸ்ல பண்ணுவீங்களாண்ணே?" என்றான். யூடியூப் உபயம். "முதல்ல ஸ்க்ரூ டிரைவரை எடு தம்பி" என்றேன்.

கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. தான் நகர்கிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை அந்த நாடாவில் 5 மைக்ரான் நீளம்கூட இல்லை. பதிந்த ஹெட்டும் இங்கே படிக்கும் ஹெட்டும் ஒரே கோணத்தில் நிற்காவிட்டால் மேல் ஸ்தாயி மொத்தமும் மங்கிவிடும். பிறகு எத்தனை கிலோஹெர்ட்ஸில் பிடித்து என்ன? மோனோவில் கேட்டபடியே ஹெட்டின் கோணத்தை மாற்றும் அசிமுத் திருகை நகர்த்தி, ஜால்ரா பளிச்சென்று தெளியும் இடத்தில் நிறுத்தினேன். கேசட்டுக்குக் கேசட் இதைச் செய்தாக வேண்டும்.

ஜூன் 4, புதன்

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று முடிவு செய்தேன். ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் சொல்லும் குறைந்தபட்சம் இது. சாதாரண ரிக்கார்டரில் பதிந்த நாடாவில் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இசை என்று பெரிதாக எதுவும் இருக்காது. அதற்கு இதுவே தாராளம்.

சிடிக்கு மட்டும் ஏன் 44,100 என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி. மனிதக் காதின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். அதைப் பிடிக்க நொடிக்கு அதைப்போல் இரு மடங்குக்கு மேல் சாம்பிள், அதாவது அலையின் அளவை, எடுக்க வேண்டும். ஆனால் துல்லியமாக 44,100 என்று வந்தது வீடியோ டேப்பால். டிஜிட்டல் ஒலியை அன்று படம் போல வீடியோ நாடாவில்தான் எழுதினார்கள்: ஒரு ஃபீல்டில் 245 வரி, வரிக்கு 3 சாம்பிள், நொடிக்கு 60 ஃபீல்டு. பெருக்கிப் பார்த்துவிட்டு அவனே சிரித்தான்.

24 பிட் வேறு காரணத்துக்காக. 16 பிட்டில் 65,536 படிகள்; 24 பிட்டில் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல். அதனால் லெவலைத் தாழ்த்தி வைத்தாலும் நுணுக்கம் கெடாது. தவில் எப்போது வெடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? உச்சத்தைத் தாண்டினால் எழுத எண்ணே இல்லை. அலையின் தலை மழுங்கிவிடும்.

ஜூன் 6, வெள்ளி

பாதி நாள் கரன்ட் இல்லை. கேசட் ஓடும் நேரம் முழுக்க உட்கார்ந்துதான் ஆக வேண்டும், இதில் குறுக்குவழி கிடையாது.

ஜூன் 9, திங்கள்

பேரனுக்காக 128 கிலோபிட் எம்பி3 ஒன்று போட்டேன். சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட். எம்பி3யில் அதில் பதினொன்றில் ஒரு பங்குதான். நாகஸ்வரம் உரக்க ஒலிக்கும்போது பக்கத்து அதிர்வெண்களில் மெலிதாக இருப்பது காதில் ஏறாது. அந்த இடங்களில் பிட்டைக் குறைத்து, எழும் இரைச்சலை நாகஸ்வரத்தின் மறைவிலேயே விட்டுவிடுகிறது எம்பி3. ஜெர்மனியில் இதை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சுசான் வேகா பக்கவாத்தியம் ஏதுமின்றிப் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டை வைத்துத் திரும்பத் திரும்பச் சோதித்தார். தனிக்குரலில் ஒளிய இடமில்லை.

பிராண்டன்பர்க்குக்கு ஒரு தவில் தனியாவர்த்தனமும் கிடைத்திருக்கலாம். பெரியவர் என் எம்பி3யைக் கேட்டுவிட்டு, "வலந்தலையில மணல் கொட்டுற மாதிரி இருக்கே தம்பி" என்றார். எந்தக் கருவியும் இல்லாமல் பிடித்துவிட்டார்! எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துக் கணக்கிடுகிறது. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு மாட்டிய விரலின் அடி துண்டின் பின்பாதியில் விழுந்தால், அதற்கான இரைச்சல் துண்டு முழுக்கப் பரவி, அடிக்கு முன்னாலேயே கேட்கத் தொடங்கும். அந்த நேரத்தில் குட்டித் துண்டுகளுக்கு மாறிக்கொள்ள வழி உண்டு. ஆனால் அதற்குப் பிட் அதிகம் செலவாகும். மின்னல் வேகச் சொற்கட்டில் 128 போதவில்லை.

ஜூன் 11, புதன்

மூலப் பிரதி ஃபிளாக்கில். முந்தைய சாம்பிள்களிலிருந்து அடுத்ததைக் கணித்து, கணிப்பு எவ்வளவு தவறியது என்பதை மட்டும் எழுதும் முறை. விரித்தால் ஒரு பிட்கூடக் குறையாது. இரைச்சலைக் கணிக்க முடியாது என்பதால் இந்த நாடாக்களில் இடம் பெரிதாக மிச்சமாகவில்லை. பரவாயில்லை, ஹார்ட் டிஸ்க் வாங்கலாம். போனுக்கு ஓபஸ், தாராளமான பிட்டில். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டும் இதே ஓபஸ்தான். அதில் நாகஸ்வரம் நசுங்குவது பேச்சுக்கென்று பிட்டைச் சுருக்குவதால்.

நாடாவின் 'உஸ்' சத்தத்தை எடுத்துவிடச் சொன்னான் பேரன். மூலத்தில் கை வைக்க மாட்டேன், வேண்டுமானால் தனி நகலில் செய்து தருகிறேன் என்றேன். முகம் சுளித்தான். பெரியவர் அதற்குள், "அடுத்த கேசட் பையை எப்ப கொண்டாரட்டும்?" என்றார். ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன்.