உயரத்துக்கு எத்தனை மார்க் போடலாம்?

"எதை வேணும்னாலும் சொல்லிக்கொடுத்துடலாம், உயரத்தை மட்டும் சொல்லிக்கொடுக்க முடியாது" என்று கூடைப்பந்து கோச்சுகள் சொல்வார்கள். நான் பத்தாவது படிக்கும்போது எங்கள் பி.டி. மாஸ்டரும் ஏறக்குறைய இதையே சொல்லித்தான் என்னைக் கோர்ட்டுக்குள் தள்ளிவிட்டார். வகுப்பிலேயே நான்தான் நெட்டை. பந்தை ஒழுங்காகப் பிடிக்கக்கூடத் தெரியாது. "இவன்கிட்ட பொட்டென்ஷியல் இருக்கு" என்று அவர் சொன்னதை வீட்டில் போய் நாலு தடவை சொல்லியிருப்பேன். பதினொன்றாவதில் என் வளர்ச்சி நின்றது. மற்ற பசங்க எட்டிப்பிடித்தார்கள். நான் பெஞ்சுக்குப் போனேன். :-)

சுயபுராணம் போதும். என்.பி.ஏ.வில் ஒரு இளம் சென்டர் வந்தவுடனே "அடுத்த ஷகீல் ஓ'நீல்" என்று எழுதுகிறார்களே, எதை வைத்து எழுதுகிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி. கார்டுகளை விட பிக் மேன்களின் விஷயத்தில்தான் கணிப்பு அதிகம் சறுக்குகிறது என்பது என் எண்ணம். பழைய டிராஃப்டுகளைப் புரட்டினால் காரணம் தெரிகிறது.

முதலில் 2001. அந்த வருஷம் முதல் நாலு இடத்திலும் ஏறக்குறைய ஏழடிக்காரர்கள்தான். குவாமி பிரவுன், டைசன் சாண்ட்லர், பாவ் கசோல், எடி கரி. கசோலைத் தவிர மூன்று பேரும் நேராகப் பள்ளியிலிருந்து வந்தவர்கள். குவாமியை முதலாவதாக எடுத்தது வாஷிங்டன் விஸர்ட்ஸ். அணி நிர்வாகத்தில் அப்போது இருந்தவர் சாட்சாத் மைக்கேல் ஜோர்டன். பையனின் உடம்பும் வேகமும் தனிப் பயிற்சியில் எல்லோரையும் மயக்கிவிட்டன. ஆனால் பந்து கையில் நிற்கவில்லை. அந்தக் குறை கடைசிவரை போகவில்லை. மூன்றாவதாக வந்த கசோல் பார்சிலோனாவுக்காக ஸ்பெயின் லீகில் வளர்ந்த ஆட்களோடு மோதிவிட்டு வந்தவர். முதல் சீசனிலேயே சிறந்த புதுமுகம் விருது அவருக்குத்தான். காலி கோர்ட்டில் பார்த்த திறமையும், எதிரில் ஆள் நிற்கும்போது பார்த்த திறமையும் ஒன்றில்லை. இது முதல் பாடம்.

இரண்டாம் இடத்தில் வந்த சாண்ட்லரின் கதை வேறு மாதிரி. சிகாகோவில் ஐந்து வருஷம் இருந்தும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸுக்குப் போய் கிறிஸ் பால் தூக்கிப் போடும் பந்துகளை வளையத்துக்கு மேலே பிடித்து அடக்க ஆரம்பித்த பிறகுதான் ஆள் யாரென்று தெரிந்தது. 2009 பிப்ரவரியில் ஓக்லஹோமா சிட்டிக்கு மாற்றினார்கள். கால் விரல் காயத்தால் மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்! அதே மனிதர் 2011ல் டல்லஸோடு சாம்பியன். 2012ல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. டிராஃப்ட் முடிந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. சென்டருக்குத் தடுப்பாட்டம் என்பது பின்னால் நின்று முழு கோர்ட்டையும் பார்த்து, "வலது பக்கம் ஸ்கிரீன் வருது" என்று கத்தி, யாரை எப்போது விட்டுவிட்டுப் போய் உதவுவது என்று முடிவெடுக்கும் வேலை. பத்தொன்பது வயதில் அது வராது. இரண்டாம் பாடம், நேரம்.

அடுத்தது 2007, கிரெக் ஓடன். இவர் விஷயத்தில் போர்ட்லாந்தைக் கிண்டல் செய்வது சுலபம், ஏனென்றால் அடுத்த இடத்தில் போனவர் கெவின் டுரன்ட். ஆனால் அன்றைக்கு முடிவெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலானோர் ஓடனைத்தான் எடுத்திருப்போம். அந்த ஏப்ரலில் கல்லூரி இறுதிப் போட்டியில் ஓஹாயோ ஸ்டேட் தோற்றாலும் 25 புள்ளி, 12 ரீபவுண்டு எடுத்தவர் அவர். செப்டம்பரில் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை, முதல் சீசன் முழுக்கப் போனது. 2009 டிசம்பரில் இடது முழங்கால் சில்லு உடைந்தது. மொத்தமே 105 ஆட்டம். முடிவு தவறாகப் போனதாலேயே முடிவெடுத்த விதம் தவறு என்று ஆகிவிடாது. அதே சமயம், அந்த உயரத்தையும் எடையையும் அந்தக் கால்கள் எத்தனை வருஷம் தாங்கும் என்ற கேள்வியையும் தள்ளிவிட முடியாது. 2023ல் முதலாவதாக வந்த வெம்பன்யாமா சிறந்த புதுமுகம் விருது வாங்கினார். 2025 பிப்ரவரியில் தோளில் ரத்தக்கட்டி, அந்த சீசனுக்கு அதோடு முற்றுப்புள்ளி. எந்த ஸ்கவுட்டும் அதை முன்கூட்டி எழுதியிருக்க முடியாது.

ஓடன் எடுக்கப்பட்ட அதே 2007 டிராஃப்டில் 48வது இடத்தில் ஒருவர் வந்தார். பாவ் கசோலின் தம்பி மார்க். கனத்த உடம்பு, குதிக்கவும் பெரிதாக வராது. 2008 பிப்ரவரியில் மெம்பிஸ் அணி அண்ணனை லேக்கர்ஸுக்குக் கொடுத்தபோது பதிலுக்கு வந்த மூட்டையில் குவாமி பிரவுனும் இருந்தார், இந்தத் தம்பிக்கான உரிமையும் இருந்தது. ஊரே மெம்பிஸைப் பார்த்துச் சிரித்தது. 2009, 2010 இரண்டு வருஷமும் அண்ணன் லேக்கர்ஸில் கோப்பை வாங்கினார், சரிதான். ஆனால் தம்பி 2013ல் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார், 2019ல் டொரான்டோவோடு சாம்பியனும் ஆனார். யோகிச் கதை இன்னும் மோசம். 2014ல் 41வது இடம். பெயரை அறிவிக்கும்போது டிவியில் டாக்கோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. 2021, 2022, 2024ல் எம்.வி.பி., 2023ல் கோப்பை!

இங்கேதான் என் பி.காம். புத்தி குறுக்கே வருகிறது. கணக்குப்பதிவியலில் குட்வில் என்று ஒன்று உண்டு. ஒரு கடைக்கு நல்ல பெயர் இருந்தால் அது சொத்துதான். ஆனால் தானாகச் சேர்ந்த குட்வில்லைப் பேரேட்டில் எழுதக்கூடாது, காசு கொடுத்து வாங்கினால் மட்டும்தான் எழுதலாம். பொட்டென்ஷியலும் அப்படித்தான் நடத்தப்படுகிறது. முதல் இடத்தைச் செலவழித்து வாங்கிய பையனின் பொட்டென்ஷியல் அணியின் பேரேட்டில் ஏறிவிடுகிறது. அதைத் தள்ளுபடி செய்ய யாருக்கும் மனசு வராது. 48வது ஆளின் பொட்டென்ஷியலை யாருமே எழுதிவைக்கவில்லை.

இது என் கற்பனை இல்லை. 1995ல் பேரி ஸ்டா, ஹா ஹோங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் என்.பி.ஏ. டிராஃப்டை வைத்தே இதைச் சோதித்தார்கள். ஆட்டத் திறமையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், முன்னால் எடுக்கப்பட்டவர்களுக்கு அதிக நிமிடங்கள் கிடைத்தன, அவர்கள் லீகில் அதிக வருஷம் நீடித்தார்கள். காஸ்டிங் வகுப்பில் சங்க் காஸ்ட் என்று படிப்போமே, போன பணம் போனதுதான், அடுத்த முடிவில் அதைச் சேர்க்காதே என்று? பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதுவோம். :-)

சரி, அப்படியானால் எதைப் பார்க்கலாம்? எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

முதலில் கை. கஷ்டமான பாஸ் எத்தனை பிடிக்கிறான்? அடுத்து கால். ஒரு கார்டு எதிரே வந்தால் பக்கவாட்டில் இரண்டு எட்டு நகர முடிகிறதா? மூன்றாவது ஃபவுல். ஓடனின் 2008-09 கணக்கில் 21 நிமிடத்துக்கு 9 புள்ளி, 7 ரீபவுண்டு. 36 நிமிடத்துக்குப் பெருக்கினால் 15, 12 என்று அழகாக வரும். ஆனால் அதே 21 நிமிடத்தில் கிட்டத்தட்ட 4 ஃபவுல். ஆறு ஆனால் வெளியே. அந்த 36 நிமிடம் அவனுக்குக் கிடைக்கவே கிடைக்காது! நான்காவது ஃப்ரீ த்ரோ. நாளைக்குத் தூரத்திலிருந்து போட வருமா என்பதற்கு அது ஒரு சின்ன அடையாளம், அவ்வளவுதான். ஓ'நீலின் வாழ்நாள் சராசரியே 53 சதவீதத்தை எட்டவில்லை. கடைசியாக, வயது என்ன, யாரோடு மோதினான். உயரம் இந்தப் பட்டியலுக்குள் நுழைய டிக்கெட் மட்டும்தான். அதற்குத் தனி மார்க் கிடையாது.

இவ்வளவு எழுதியும் ஒன்று உறுத்துகிறது. குவாமி பிரவுனை "வேஸ்ட்" என்று நானும் நண்பர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் என்.பி.ஏ.வில் பன்னிரண்டு சீசன் ஆடியவர். 30வது இடத்தில் எடுத்திருந்தால் "பரவாயில்லை, உழைத்து நிலைத்தவர்" என்றிருப்போம். ஆளும் அதே ஆள், ஆட்டமும் அதே ஆட்டம். மாறியிருக்கும் ஒரே விஷயம், பத்தொன்பது வயதில் அவர் பெயருக்கு எதிரே நாம் எழுதிய தொகை. அவர் கேட்காமல் நாமாக எழுதிய தொகை அது. வசூலாகவில்லை என்றதும் அவரைக் கடன்காரன் ஆக்கிவிட்டோம்.

எங்கள் பி.டி. மாஸ்டர் அந்தத் தப்பைச் செய்யவில்லை. நான் வளரவில்லை என்று தெரிந்த பிறகும் தினமும் சாயங்காலம் சுவரில் பந்தை எறிந்து இருநூறு தடவை பிடிக்கவைப்பார். பொட்டென்ஷியல் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது எனக்குப் பந்து நன்றாகப் பிடிக்க வரும்.