பித்தளைக்கு மாட்டுக்கொட்டாய் ஆகாது

மரக்காணத்துல பித்தளைப் பாத்திரம் வச்சிருக்கிற வீட்டுல விளக்குற வேலை ஓயாது. உப்பளத்தைத் தாண்டி வர்ற காத்து பட்டா, இன்னிக்கு விளக்கின குடம் சீக்கிரமே கறுத்துப்போகும். அது வெறும் கறுப்புதான், தேய்ச்சா போயிடும். ஆனா பித்தளை விரிசல் விடுறது வேற சங்கதி.

போன மழைக்காலம் முடிஞ்சதும் பெரியப்பா வீட்டுல பரண் சாமானை இறக்கினாங்க. மாட்டுக்கொட்டாயை ஒட்டின பரண். ஆயா சீரா கொண்டுவந்த தவலை கழுத்துல மூணு விரிசல். அது கீழே விழல, யாரும் இடிக்கல. பக்கத்துல இருந்த குத்துவிளக்குக்கு ஒண்ணும் ஆகல. பேத்தி கல்யாணத்துக்குன்னு பெரியம்மா எடுத்துவச்சிருந்த தவலை அது. பழைய பாத்திரக்காரர் எடைக்குப் போடச் சொல்லிட்டார்.

இதே விரிசலை வெள்ளைக்காரன் பட்டாளம் பாத்திருக்கு. மழைக்காலத்துல தோட்டாக்களைக் குதிரை லாயத்துல அடுக்கி வச்சாங்க. தோட்டா உறை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் சேர்ந்த பித்தளை. மழை விட்டு எடுத்துப் பாத்தா உறையெல்லாம் விரிசல். பருவத்தோட வந்ததால 'சீசன் கிராக்கிங்'னு பேர் வச்சாங்க. 1921-லதான் காரணம் தெளிவாச்சு. குதிரை மூத்திரத்துல கிளம்புற அம்மோனியா, காத்துல இருக்கிற ஈரம், உறையை இழுத்துச் செஞ்சப்ப உலோகத்துக்குள்ளயே தங்கிப்போன இறுக்கம், இது மூணும் சேர்ந்தா பித்தளை பிளக்கும்.

தவலையும் தகட்டை அடிச்சு இழுத்துச் செஞ்சதுதான். குத்துவிளக்கு வார்ப்பு, அதுல அந்த இறுக்கம் குறைவு. மாட்டு மூத்திரத்துலயும் அம்மோனியா கிளம்பும். கணக்கு சரியாப்போச்சு.

அமெரிக்காவுல சுட்ட தோட்டா உறையைக் கழுவி மறுபடி மருந்து அடைக்கிறவங்க உண்டு. நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா செய்யக்கூடாது. அவங்க சுத்துற டிரம்முல தண்ணி, கொஞ்சம் சோப்பு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம், மெல்லிசான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசிங்க போட்டு உறைகளை உருட்டுவாங்க. உள்ளேயும் வெளியேயும் பளிச்சுனு ஆயிடும். அம்மோனியா கலந்த பாலிஷை விவரம் தெரிஞ்சவங்க தொடமாட்டாங்க.

நம்ம புளியும் அதே வேலையைத்தான் செய்யுது. அதுல இருக்கிற டார்டாரிக் அமிலம் கறுப்பைக் கரைக்குது, உப்பு தேய்க்க உதவுது. ஆனா ராத்திரி பூரா ஊறப்போடாதீங்க. துத்தநாகம் கரைஞ்சு செம்பு மட்டும் நின்னு, இளஞ்சிவப்புத் திட்டு விழும். தேய்ச்ச கையோட நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசுங்க. எங்க பக்கம் போர்த்தண்ணி பல இடத்துல உப்புங்கிறதால, கடைசி அலசலுக்காவது குடிதண்ணி வேணும். துணியால துடைச்சு வெயில்ல காயவச்சு எடுத்துவைங்க.

யூரியா மூட்டை பக்கத்துலயும் வைக்காதீங்க, ஈரம் பட்டா அதுலயும் அம்மோனியா கிளம்பும். யூரியா கரைச்சு அடிச்ச பித்தளை ஸ்ப்ரேயரையும் அன்னிக்கே கழுவிடணும்.

விரிசல் விட்டதை எந்தப் புளியும் ஒட்டவைக்காது. அதனால ஐப்பசி மழைக்கு முன்னாடியே பரண்ல இருக்கிற குடத்தையும் அண்டாவையும் இறக்கி விரலால தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா வீட்டுக்குள்ள கொண்டுபோயிடுங்க.